வாயிற்காவலன் அத்தியாயம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனதிலிருந்து எனக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. போனை இரண்டு முறை எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் பேசினால் எனக்கு முப்பத்து நான்கு வருட வகுப்பறைக் குரல் வந்துவிடுகிறது. நீயோ உன் ஆலோசனை அறையில் உட்கார்ந்திருப்பது போல ‘ம்... ம்...’ என்று கேட்பாய். அந்த ‘ம்’ எனக்கு ஆகாது. அதனால்தான் கடிதம்.

முதலில் என் தவறு. வாசிப்புக் கூட்டத்தில் எட்டுப் பேர் முன்னால், “அப்ப கடவுள் எங்கப்பா இருக்கார், உன் ஆஸ்பத்திரி ஃபைல்லயா?” என்று நான் கேட்டிருக்கக் கூடாது. மருந்துக்கடை அம்மா சிரித்ததும் உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நான் மருமகளாக வந்த புதிதில், உனக்குப் பன்னிரண்டு வயது. உன் அண்ணன் உன் மதிப்பெண்களை விருந்தாளிகள் முன்னால் உரக்க வாசித்தார். அன்றைக்கும் இதே முகம்தான்.

இனி உன் தவறு. மருந்துக்கடை மாடியில் நாங்கள் மறைநூலை வாசிக்கும் முறை உனக்குத் தெரியும். வாரம் ஒரு அத்தியாயம். பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வாசித்துத் தனக்குப் புரிந்ததைச் சொல்ல வேண்டும். அன்று தையல்காரரின் முறை, அவருக்கு இருமல். அடுத்த பெயர் என்னுடையது. விருந்தாளியாயிற்றே என்று புத்தகத்தை உன் கையில் கொடுத்தேன்.

அந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது? ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். ஒரு நகரம், அதற்கு ஒரே வாசல், ஒரு காவலன். கடும் வெயிலில் அவன் தண்ணீர் குடிக்கச் சுனைக்கு இறங்குகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு வழிப்போக்கன் வந்து கதவைத் தட்டுகிறான், திறக்க ஆளில்லை, போய்விடுகிறான். இறைவன் காவலனிடம் கேட்கிறார், வந்தவன் யார் என்று. காவலனுக்குத் தெரியவில்லை. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அவன் நிழலில் அமரவே இல்லை. கடமை தவறியவனுக்குக் கடவுள் தந்த தண்டனை. உரையெழுதியவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நீயோ, தண்டனையே இல்லை, அது அவனுடைய குற்ற உணர்ச்சி என்றாய். கேட்டது இறைவன் குரலா, அவன் மனத்தின் குரலா என்று யோசிக்கலாம் என்றாய். யோசித்தேன். உன் அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. இந்த வீட்டில் நான் பேச இருக்கிற ஒரே ஆள் கடவுள்தான். அவரையும் நீ என் தலைக்குள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால் நான் யாரோடு பேசுவேன்?

கோபம் அதற்குத்தான். சாப்பாட்டை வீணடித்ததற்குத் தனிக் கோபம் இருக்கிறது.

அண்ணி

*

மார்ச் 11

அண்ணிக்கு வணக்கம்.

கடிதத்தை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து, இரண்டு பேரைப் பார்ப்பதற்கு நடுவில் கிடைத்த பத்து நிமிடத்தில் படித்தேன். என் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு டிஷ்யூ பெட்டி. மூன்று வருடத்தில் முதல் முறையாக அந்தப் பெட்டியிலிருந்து நான் ஒன்றை எடுத்தேன். சளிதான், வேறொன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடாமல் போனது சின்னப்பிள்ளைத்தனம். பஸ் நிலையத்தில் காய்ந்த ரொட்டி தின்றேன். அதுவே தண்டனை.

கடவுளை உங்கள் தலைக்குள் தள்ளும் எண்ணம் எனக்கு இல்லை, அண்ணி. அவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று சொல்ல நான் யார்? “மருந்து குடுக்காத டாக்டர்” என்று அண்ணன் கேலி செய்த ஆள்தானே நான். எனக்குத் தெரிந்தது காவலனைத்தான். அவனைப் போன்றவர்கள் வாரத்துக்கு நான்கு பேர் என் எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள். ஒருவர், மகன் விழுந்த மாடிப்படியில் ஏறுவதே இல்லை. ஒன்பது வருடமாகக் கீழ் அறையில் படுக்கிறார். “யார் உங்களை ஏறக் கூடாதுன்னு சொன்னாங்க?” என்றால் என்னைக் கோபமாகப் பார்ப்பார்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உரையை மூடி வையுங்கள். மூலத்தை மட்டும் எடுங்கள். இறைவன் காவலனுக்குத் தண்டனை விதிக்கும் வரி எது? அந்த வரியைக் காட்டுங்கள். ஞாயிறு கூட்டத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் என் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் பார்த்தேன். அன்று கூட்டம் தொடங்குமுன், மாடிச் சுவரில் குத்தி வைத்திருந்த வாசிப்புப் பட்டியல்களைச் சும்மா புரட்டினேன். ஆறு வருடப் பட்டியலும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது, எல்லாம் உங்கள் கையெழுத்தில். பெயர் வரிசை ஒவ்வொரு வருடமும் மாறுகிறது. ஆனால் எப்படி மாறினாலும் காவலன் அத்தியாயம் உங்களுக்கு வருவதில்லை. உங்களுக்கு முந்தியவருக்கு வருகிறது, இல்லாவிட்டால் அடுத்தவருக்கு. ஒரு வருடம் உங்கள் பெயரை அழித்து மேலே தையல்காரர் பெயரை எழுதியிருக்கிறீர்கள்.

பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை.

தம்பி

*

மார்ச் 15

தம்பி,

என் பட்டியலைப் புரட்ட உன்னை யார் கேட்டது? நாங்கள் எட்டுப் பேரும் உன் நோயாளிகள் இல்லை. நீ என் வீட்டுக்கு வந்தால் என் கொழுந்தனாக வா. டாக்டராக வருவதென்றால் ஆஸ்பத்திரியிலேயே இரு.

தையல்காரருக்கு அந்த அத்தியாயம் பிடிக்கும். அதனால் கொடுத்தேன்.

அண்ணி

*

மார்ச் 19

அண்ணி,

கை தொட்டுப் புரட்டியது தப்பு. மன்னித்துவிடுங்கள். அஞ்சலட்டையில் இடம் இவ்வளவுதான் இருக்கிறது. இடம் இருந்தாலும் இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

தையல்காரருக்கு அந்த அத்தியாயம் பிடிக்காதாம். போன ஞாயிறு நானே கேட்டேன். “நீங்க எழுதிப் போட்டீங்க, நான் வாசிச்சேன் டீச்சர். உங்ககிட்ட வேணாம்னு சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கு?” என்றார்.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூலத்தில் இருபத்தொரு வரி. விடைத்தாள் திருத்துவது போல ஒவ்வொரு வரியாகப் புள்ளி வைத்துக்கொண்டு போனேன். தண்டனை விதிக்கும் வரி இல்லை. முதலில் அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். மருந்துக்கடை அம்மாவிடம் பழைய பதிப்பு ஒன்று இருக்கிறது, அதையும் வாங்கிப் பார்த்தேன். அதிலும் இல்லை. அதைவிட ஒன்று கண்டுபிடித்தேன். வந்தவன் யார் என்று கேட்டதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கும் நடுவே ஒரு சின்ன வரி: ‘இறைவன் மாலை சாயும்வரை அவன் அருகில் இருந்தார்.’ அவ்வளவுதான். முப்பது வருடமாக இந்த நூலைப் படிக்கிறேன், தம்பி. இந்த வரி என் கண்ணில் பட்டதே இல்லை. பாடத்தை விட்டுவிட்டு நோட்ஸை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளை எத்தனை திட்டியிருப்பேன்! நானே அதைத்தான் செய்திருக்கிறேன்.

அப்போது ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். ஒருநாள் வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை. நான் கவனிக்கக்கூட இல்லை, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வாசலுக்கு வெளியே நிற்கிறாள். “யாரும்மா உன்னை நிக்கச் சொன்னது?” என்றேன். “நீங்கதான் டீச்சர்” என்றாள். பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படியே நம்பினாள்.

இனி நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மூன்று நாளும் நான் கண் மூடவில்லை. மூன்றாம் நாள் மதியம் இரண்டரைக்கு, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு நிமிடம் தலையைச் சாய்த்தேன். நர்ஸ் என் தோளைத் தொட்டபோது கடிகாரத்தில் நாலு பத்து. அவர் போயிருந்தார். வந்தவர்கள் எல்லாரும், “கடைசிவரைக்கும் கூடவே இருந்தீங்களே, அது போதும்” என்றார்கள். இருந்தேன், உண்மைதான். தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கூப்பிட்டிருப்பாரோ, தண்ணீர் கேட்டிருப்பாரோ, என் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டிருப்பாரோ என்று இன்றுவரை நினைக்காத நாள் இல்லை. அதற்குப் பிறகு நான் பகலில் படுத்ததில்லை. சாய்வு நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று உன்னிடம் சொன்னது பொய்.

காவலன் அத்தியாயத்தை வாசித்தால் குரல் உடைந்துவிடும். உடைந்தால் கேட்பார்கள். அதனால் பட்டியல். நீ கண்டுபிடித்தது சரி. பதினைந்தாம் தேதி உன்னைத் திட்டியதும் அதனால்தான்.

உனக்கு நன்றி. எழுத மனம் வராமல்தான் எழுதுகிறேன், ஆனாலும் நன்றி.

இதோடு விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அன்று நீ இருபது நிமிடம் பேசினாய். காவலன் காவலன் என்று ஐம்பது முறை சொல்லியிருப்பாய். கதையில் வழிப்போக்கன் என்று ஒருவன் இருக்கிறானே, ஒரே ஒரு முறை தட்டிவிட்டுப் போனவன்? அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தையல்காரர்கூடக் கேட்டார், “அந்த ஆளு ரெண்டாவது தடவ தட்டியிருக்கலாம்ல?” என்று. நீ தண்ணீர் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒரு சுலபமான கேள்வியை விட்டுவிட்டு எழுதினால், அது தெரியாமல் விட்டது இல்லை என்று எனக்குத் தெரியும். 

ஏன் விட்டாய்?

அண்ணி

*

ஏப்ரல் 20

அண்ணிக்கு,

இது நான்காவது தாள். முதல் மூன்றில் ‘மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் விதம்’ என்று பாடம் நடத்தியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

அண்ணன் இறந்த அன்று, செய்தி கேட்டு மாலை ரயிலில் வந்ததாகத்தான் உங்களுக்குத் தெரியும். “உடனே ஓடி வந்துட்டியே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய். நான் அன்று மதியமே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன்.

மூன்று மணிக்குச் சில நிமிடம் இருக்கும். அந்த அறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்ததே, அதன் வழியாகப் பார்த்தேன். தட்டக்கூட இல்லை, விரல் நகத்தால் ஒருமுறை தொட்டேன். நீங்கள் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. அண்ணன் விழித்திருந்தான்.

நன்றாகவே விழித்திருந்தான், அண்ணி. தலையணையில் சாய்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். உதட்டில் விரலை வைத்தான். அப்புறம் கண்ணால் உங்களைக் காட்டி, வாயைத் திறந்து, தோள் குலுங்க நீங்கள் குறட்டை விடுவதை எனக்கு நடித்துக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தன் நீலத் துண்டை எடுத்து உங்கள் மடியில் எறிந்தான். முதல் முறை நாற்காலிக் கையில் பட்டுக் கட்டிலிலேயே விழுந்தது. இழுத்துக்கொண்டு மறுபடி எறிந்தான். இம்முறை சரியாக விழுந்தது. பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி கையைத் தூக்கினான். பிறகு அதே கையை அசைத்தான்: போ, அப்புறம் வா.

நான் போனேன். கீழே கேன்டீனில் டீ குடித்தேன். இவ்வளவு விளையாடுகிறானே, தேறிவிட்டான் என்று நினைத்தேன். மறுநாள் காலை எனக்கு வேலை இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக வரலாம் என்று மூன்றரை பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாதி வழியில் போன் வந்தது. அடுத்த ஊரில் இறங்கி எதிர்த் திசை ரயிலைப் பிடித்தேன். உங்களுக்குத் தெரிந்த மாலை ரயில் அதுதான்.

மனித மனத்தைப் படித்தவன் நான். நோயாளியின் முகத்தைப் பார்த்து எத்தனையோ கண்டுபிடிக்கிறவன். என் அண்ணனைப் பார்த்துவிட்டு, தேறிவிட்டான் என்று பஸ் ஏறினேன். கதவைத் திறந்து உங்களை எழுப்பியிருந்தால், உங்களுக்கு அவனோடு ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும். அதை நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஆறு வருடமாக இதைச் சொல்ல வாயெடுத்து, சொன்னால் என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டீர்கள் என்று பயந்து, ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்கள் ‘என்னைக் கூப்பிட்டிருப்பாரோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை. அவன் உங்களைக் கூப்பிடவில்லை, அண்ணி. நீங்கள் தூங்க வேண்டும் என்றுதான் நினைத்தான்.

இனி உங்கள் தீர்ப்பு. 

தம்பி

*

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

பதில் இத்தனை நாள் தள்ளிப்போனதற்கு உன்மேல் கோபம்தான் காரணம் என்று நீ நினைத்திருப்பாய். முதல் வாரம் அப்படித்தான் இருந்தது. கையில் கிடைத்திருந்தால் உன் காதைத் திருகியிருப்பேன். ஐம்பது வயது ஆளின் காது என்றும் பார்த்திருக்கமாட்டேன். ஆறு வருடம்! என் கணவர் விழித்திருந்ததை, சிரித்ததை, எனக்குத் தராமல் நீ பையிலேயே வைத்திருந்தாய். அந்த வாரம் உனக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அனுப்பமாட்டேன்.

இரண்டாவது வாரம் துண்டைப் பற்றி யோசித்தேன். நர்ஸ் என்னை எழுப்பியபோது என் மடியில் அவருடைய நீலத் துண்டு கிடந்தது. ஏதோ ஒரு நர்ஸ் போட்டிருப்பாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மனத்துக்குள் அவளுக்கு நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன். அப்புறம் உன் கடிதத்தைத் திரும்ப எடுத்து, அவர் இரண்டாவது தடவை எறிந்த வரியை மட்டும் படித்தேன். தினமும் படித்தேன். முதல் தடவை விழாததால் விட்டிருக்கலாமே! அந்த உடம்போடு இழுத்து, மறுபடி குறி பார்த்து எறிந்திருக்கிறார் அந்த மனுஷர். முப்பத்தொரு வருடக் கல்யாணத்தில் என்னிடம் ‘நன்றி’ என்று ஒருமுறை சொன்னவர் இல்லை. 

மூன்றாவது வாரம்தான் உன் பங்குக்கு வந்தேன். நீ என் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறாய். உன் வாதத்தை உன் முறையிலேயே திருத்துகிறேன். மூலத்தை எடு. உன்னைப் போகச் சொன்னது யார்? அவர். என்னை எழுப்பாதே என்றது யார்? அவர். நீ தேறிவிட்டான் என்று நம்பினாய். நம்ப வைத்தது அவர் நடிப்பு. இதில் நீ குற்றவாளி என்று சொல்லும் வரி எது? நானும் பென்சிலோடு தேடிவிட்டேன். சொல்லாமல் மறைத்தாய், அது குற்றம். அதற்கு முதல் வாரத்தோடு தண்டனை முடிந்தது.

நேற்று ஞாயிறு. வேறு அத்தியாயம், மருந்துக்கடை அம்மாவின் முறை. அவரிடம் அனுமதி கேட்டுக் காவலனை நான் வாசித்தேன். குரல் உடைந்தது. உடையட்டும் என்று வாசித்தேன். ‘மாலை சாயும்வரை அவன் அருகில் இருந்தார்’ என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பட்டியல் உட்பட. தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்: “அப்ப உங்க அத்தியாயத்தையும் சேத்து நான்தான் வாசிச்சிருக்கேனா? அடுத்த வருஷம் எனக்கு ரெண்டு வாரம் லீவு குடுத்துடுங்க டீச்சர்.” மருந்துக்கடை அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். போகும்போது என் கையைப் பிடித்து, “நம்பித் தூங்கற மாதிரி பக்கத்துல ஒரு ஆளு இருந்தாரே, அதைப் பாருங்க” என்றார்.

குரல் உள்ளேயா வெளியேயா என்று கேட்டாயே, அதற்கும் ஓர் உதாரணம் கிடைத்தது. பழைய மாணவி ஒருத்தி ஒருமுறை சொன்னாள்: “இன்னமும் கணக்குல தப்பு பண்ணினா உங்க குரல் கேக்குது டீச்சர்.” அந்தக் குரல் அவள் தலைக்குள்தான் கேட்கிறது. அதனால் நான் இல்லை என்று ஆகிவிடுமா? இதோ இருந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேனே. இனி உன் உளவியலோடு எனக்குச் சண்டை இல்லை. அதை வைத்து நீ கேட்ட ஒரு கேள்வியால்தான், முப்பது வருடம் கண்ணில் படாத வரி எனக்குக் கிடைத்தது. உன் அண்ணனும் கிடைத்தார். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

வரும் சனிக்கிழமையே புறப்பட்டு வா. சாப்பிடாமல் போகிற பேச்சே கூடாது. ஒரு வேலை இருக்கிறது. அவர் என் குறட்டையை நடித்துக் காட்டினார் என்று எழுதியிருக்கிறாய். வாயைத் திறந்தார், தோள் குலுங்கியது என்று மட்டும் போட்டிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூடத்தில் நாற்காலி போட்டு வைக்கிறேன். நீ உட்கார்ந்து, அவர் செய்த மாதிரியே, ஒன்று விடாமல் எனக்குச் செய்து காட்ட வேண்டும்.

உனக்காகக் காத்திருக்கும்
அண்ணி